ஒரு சைஸ் பெரிய துப்பாக்கி

விசையை இழுத்தேன். ‘டக்’ என்றது. அவ்வளவுதான்.

வெடிக்கவில்லை. தோளில் உதைக்கவில்லை. ஆனாலும் துப்பாக்கிக் குழலின் முனை சடாரென்று கீழே குனிந்து, பிறகு மெல்ல மேலே வந்தது. நான் கண்களை இறுக மூடியிருந்தேன் என்பது அவற்றைத் திறந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

டெக்சஸில் நாங்கள் குடியிருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் சுடுதளம் அது. தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக சிமெண்ட் மேசைகள். எதிரே நூறு கஜத்தில், ஒரு மரச்சட்டத்தில் பேப்பர் தட்டு ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். பிறந்தநாள் விழாக்களில் கேக் வைத்துக் கொடுப்பார்களே, அதே தட்டு. அக்டோபர் காலை. வெடிமருந்தின் காரமும் யாரோ கொண்டுவந்திருந்த காபியின் மணமும் கலந்து வந்தன.

எனக்குப் பின்னால் ஷெரில் நின்றிருந்தாள். என்னோடு ஒரே ஆய்வகத்தில் வேலை செய்பவள், என் வயதுதான், டெக்சஸிலேயே பிறந்து வளர்ந்தவள். அன்று தோட்டாக்களை அவள்தான் போட்டுக் கொடுத்தாள். நடுவில் எனக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்.

“பார்த்தாயா?” என்றாள் ஆங்கிலத்தில். “இந்தத் தடவை துப்பாக்கி எதுவுமே செய்யவில்லை. உதைக்கப் போகிறது என்று பயந்து எல்லாவற்றையும் நீயே செய்தாய்.”

பக்கத்து மேசையில் சாய்ந்து நின்ற என் கணவன் பிரபு காதுக்கவசத்தைக் கழற்றினான். “என்ன காயு, gun சாமி கும்பிடற மாதிரி குனியுது?”

 எதிரே தட்டு அப்படியே சுத்தமாக இருந்தது. அதற்கு முன் நிஜத் தோட்டாவால் சுட்டதெல்லாம் அதைச் சுற்றியிருந்த மண்மேட்டுக்குப் போயிருந்தது.

மான் சீசன் தொடங்கச் சில வாரங்களே இருந்தன. ஷெரிலின் குடும்பம் வேட்டைக்காகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்துக்கு எங்களை அழைத்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மூன்று குண்டுகளும் தட்டுக்குள் விழ வேண்டும். இல்லையென்றால் நான் வரலாம், அடுப்பு மூட்டலாம், காபி குடிக்கலாம், சுடக் கூடாது. மானின் நெஞ்சில் நுரையீரலும் இதயமும் இருக்கும் இடம் ஏறக்குறைய அந்தத் தட்டின் அளவு. குண்டு அதற்கு வெளியே பட்டால் மான் உடனே சாகாது. ஓடும். எங்கோ ஒரு புதருக்குள் படுத்துக்கொண்டு மெதுவாகச் சாகும்.

அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் நான் இத்தனை கணக்குப் போட்டிருந்தேன்.

பேக்கரிக் கண்ணாடி

நீ எதற்கு மான் சுடப் போக வேண்டும் என்று பலர் கேட்டுவிட்டார்கள். இந்தத் தொடரை வாசிக்கும் ஒருவரும் கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி.

நான் ஈரோட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பாவோடு கறிக்கடைக்குப் போவேன். கடைக்காரர் ஆட்டை வெட்டி முடிக்கும் வரை பக்கத்து பேக்கரியின் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். மேல் தட்டில் தேங்காய் பன், நடுவில் வெஜிடபிள் பப்ஸ், கீழே மஞ்சள் நிற கேக்குகள், மூலையில் செத்துப்போன ஓர் ஈ. அந்த அலமாரியை இன்றைக்கும் என்னால் அப்படியே வரைந்து காட்ட முடியும். ஆடு எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது.

ஃபிரிஸ்கோவில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அவசியம்கூட இல்லை. கறி, பிளாஸ்டிக் தாள் போர்த்திய தட்டில் வருகிறது.

ஒருநாள் மதியம் ஷெரில் ஆய்வகத்துக்கு மான் கறி சாசேஜ் கொண்டுவந்திருந்தாள். நன்றாக மிளகு போட்டிருந்தது. இரண்டு துண்டு சாப்பிட்ட பிறகு, யார் சுட்டது என்று கேட்டேன். “நான்தான்” என்றாள், தயிருக்கு யார் உறை ஊற்றியது என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போல. மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது காரிலேயே முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு முறையாவது இதை நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஒழுங்காகச் செய்ய வரவில்லையென்றால் செய்யவே கூடாது.

பிரபுவிடம் சொன்னேன். நான் தத்துவம் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் போனில் துப்பாக்கிக் கடைகளைத் தேட ஆரம்பித்திருந்தான். எங்கள் வீட்டில் எந்த விஷயமும் சீக்கிரமே ஷாப்பிங்காக மாறிவிடும்.

கோப்பு தயார்

எங்களைப் போல வேலை விசாவில் இருப்பவர்கள் சாதாரணமாகத் துப்பாக்கி வாங்க முடியாது. கையில் வேட்டை உரிமம் இருந்தால் முடியும். மேசைக்கு மேசை அனுமதி கேட்டு வாழும் எங்களுக்கு இப்படி ஒரு கதவு திறந்திருப்பது ஆச்சரியமாக இருந்தது. வேட்டைக் கல்வி வகுப்பை இணையத்தில் முடித்தோம். உரிமம் வாங்கினோம்.

“Green card வர்ற நேரத்துல இது தேவையா?” என்று பிரபுவின் நண்பர்கள் வட்டத்தில் பேச்சு எழுந்தது. பேசியவர்களே பிறகு தனியாக வந்து, “உரிமம் எங்க apply பண்ணீங்க?” என்றும் கேட்டார்கள்.

கடைக்குப் போன அன்று, தூதரகத்துக்குப் போவதைப் போலவே கோப்பு தயார் செய்துகொண்டு போனோம். பாஸ்போர்ட், விசாத் தாள்கள், உரிமம், கரண்ட் பில், கல்யாணச் சான்றிதழ். எல்லாவற்றுக்கும் நகல். கடைக்காரர் தேவையான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கல்யாணச் சான்றிதழைக் கொஞ்ச நேரம் ரசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அட்டவணை

என் வேலை நம்பகத்தன்மைப் பரிசோதனை. ஒரு கருவியைச் சூடாக்கி, குளிர வைத்து, குலுக்கி, அது எப்போது எங்கே உடைகிறது என்று பார்ப்பது. அந்தப் பழக்கத்தில், கடைக்குப் போவதற்கு முன்பே ஓர் அட்டவணை போட்டிருந்தேன்.

காலிபர் என்பது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அதாவது குண்டின் பருமன். ஆனால் பருமன் மட்டும் அல்ல விஷயம். அதே பருமனுள்ள குண்டுக்குப் பின்னால் எவ்வளவு மருந்து அடைத்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான் அந்தப் பெயர். நிறையப் படித்த பிறகு மூன்று மிஞ்சின.

‘டூ-ஃபார்ட்டி-த்ரீ’ மூன்றிலும் சிறியது. குண்டின் பருமன் கால் அங்குலத்துக்கும் ஒரு முடி குறைவு. இந்த ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் மான் சுடக் கற்பது பெரும்பாலும் இதில்தான். ‘த்ரீ-ஓ-எய்ட்’ நடுவில் இருப்பது, எல்லாருக்கும் தெரிந்தது, எந்தக் கடையிலும் தோட்டா கிடைக்கும். மூன்றாவது ‘த்ரீ-ஹண்ட்ரட் மேக்னம்’. நடுவில் இருப்பதன் அதே பருமன், ஆனால் பின்னால் மருந்து மிக அதிகம். மலைகளில் திரியும் எல்க் என்ற பெரிய மானுக்கும், அதைவிடப் பெரியவற்றுக்கும் எடுத்துப் போவது.

தூரம், வேகம், தாக்கும் ஆற்றல், தோட்டா கிடைக்கும் வசதி, தோளில் விழும் உதை என்று ஐந்து பத்திகள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் மேக்னத்துக்கே முதலிடம். உதைக்கு நான் மிகக் குறைந்த முக்கியத்துவம்தான் கொடுத்திருந்தேன். அந்தக் கட்டத்தின் குறிப்பில் ‘பழகிடும்’ என்று தட்டச்சு செய்திருந்தேன்.

கடைக்காரர் எங்களைத் தடுக்கப் பார்த்தார் என்றே சொல்ல வேண்டும். “டெக்சஸ் மான்தானே? அவ்வளவு பெரிய பிராணி இல்லையே அது” என்றார். நடுவில் இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பிரபு என் பக்கம் திரும்பினான். “நாளைக்கு கொலராடோ போய் எல்க் அடிக்கணும்னா? அப்ப போய் இன்னொண்ணு வாங்கணுமா?”

நாங்கள் கொலராடோவுக்குப் போனது ஒரே முறை. ஒரு கல்யாணத்துக்கு. எல்க்கைப் பார்த்தது ஹோட்டல் வரவேற்பறைச் சுவரில். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது. மேக்னம் வாங்கினோம்.

போடப் போடப் பழகிடும்

ஏன் நியாயமாகப் பட்டது என்பதற்கு ஒரு ஜோடி ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் எதையும் அளவுக்கு வாங்கியதில்லை. பாவாடைக்கு உள்ளே மடித்துத் தைத்த விளிம்பு, கை மூடும் ஸ்வெட்டர், கட்டைவிரலுக்கு முன்னால் பஞ்சு அடைத்த பள்ளி ஷூ. கடையில் அப்பா என் கால் நுனியை அழுத்திப் பார்ப்பார். விரல் தட்டுப்பட்டால் “அடுத்த சைஸ் குடுங்கோ” என்பார். “போடப் போடப் பழகிடும் கண்ணு.”

விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம். பாதி தூரத்தில் என் கால் ஓடியது, ஷூ ஓடவில்லை. முழங்காலில் மண் ஒட்டிக்கொண்டு எழுந்தபோது, ஷூவிலிருந்து பஞ்சு பிதுங்கி வெளியே கிடந்தது எனக்கு விழுந்ததைவிட வெட்கமாக இருந்தது. அந்த ஷூ என் காலுக்குச் சரியாகப் பொருந்திய வருடம் அதன் அடிப்பாகம் தேய்ந்து போயிருந்தது.

அமெரிக்கா வந்த பிறகும் இந்தப் பழக்கம் எங்களை விடவில்லை. நாங்கள் இரண்டு பேர். வீட்டில் ஐந்து படுக்கையறை, வாசலில் ஏழு பேர் உட்காரும் வண்டி. துப்பாக்கி வைக்க வாங்கிய இரும்புப் பெட்டியில் இருபத்துக்கும் மேல் துப்பாக்கி நிற்க வைக்கலாம். அதில் இன்றைக்கு இருப்பவை இரண்டு துப்பாக்கிகள், பாஸ்போர்ட்டுகள், விசாத் தாள்கள், என் கல்யாண நகைகள்.

பிரபுவைக் குறை சொல்லவில்லை. அவன் கரூர்க்காரன். அவன் ஷூவிலும் பஞ்சு இருந்திருக்கிறது.

நெற்றியில் பிறை

மேக்னத்தை முதன்முதலில் சுட்ட அன்று அது என் தோளை மட்டும் உதைக்கவில்லை. பின்னால் பாய்ந்து வந்து, குறிபார்க்க மேலே பொருத்தியிருந்த ஸ்கோப்பின் விளிம்பால் புருவத்துக்கு மேல் ஒரு கொத்து கொத்தியது. கண்ணாடியில் பார்த்தேன். சின்னப் பிறை ஒன்று, துல்லியமான வளைவோடு.

அந்தச் சனிக்கிழமை அனுமார் கோவிலில், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓர் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா இது, நெத்தில?”

“கிச்சன் கேபினெட் கதவு, ஆன்ட்டி.”

ஆன்ட்டியின் பார்வை மெதுவாக நகர்ந்து, அர்ச்சனைத் தட்டோடு வந்துகொண்டிருந்த பிரபுவின் மேல் போய் நின்றது. அங்கேயே நெடுநேரம் இருந்தது.

“என் நம்பர் இருக்கில்ல? எப்ப வேணா கூப்பிடு. டைம் பாக்காத.”

காரில் ஏறியதும் பிரபு கதவை அறைந்து சாத்தினான். “உண்மைய சொல்லிருக்கலாம்ல?”

“என்னன்னு? அனுமார் முன்னாடி நின்னுட்டு, மான் சுட gun வாங்கினோம்னா?”

“இனிமே அந்தம்மா prasadam counter-ல நின்னா எனக்குப் புளியோதரை கிடையாது. பாத்துக்கோ.”

நான் சிரித்தேன். சிரிக்கும்போது புருவம் வலித்தது.

காயம் ஆறிவிட்டது. உடம்பு மட்டும் மறக்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் துப்பாக்கியைத் தோளில் வைத்ததுமே கழுத்து இறுகியது. மூச்சு மேலேயே நின்றது. குண்டுகள் மண்மேட்டுக்குப் போயின. மேசை ஆடுகிறதா, ஸ்கோப் கோணலா, தோட்டா சரியில்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழித்தேன். என்னைத் தவிர எல்லாவற்றையும் பரிசோதித்தேன். அதற்குப் பிறகுதான் ஷெரிலைச் சுடுதளத்துக்கு அழைத்தேன்.

டக்

குனிந்து நிமிர்ந்த குழலுக்குத் திரும்ப வருகிறேன்.

என்னைக் கிண்டல் செய்து முடித்ததும் பிரபு தானாகவே முன்வந்தான். “தள்ளு, நான் காட்டறேன்.”

ஷெரில் முகத்தில் எதையும் காட்டாமல் தோட்டாவைப் போட்டாள். பிரபு மேசை முன் அமர்ந்து, முழங்கையை ஊன்றி, கன்னத்தை வைத்து, நிதானமாக விசையை இழுத்தான்.

டக்.

குழல் குனிந்தது. தோள் துள்ளியது. இவற்றோடு, மேசைக்கு அடியில் அவன் இடது காலும் எதையோ எட்டி உதைத்தது.

“இல்ல, இது loading சரியில்ல” என்றான்.

ஷெரில் அங்கிருந்த கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் தமிழில் சொன்னது அவளுக்கு எப்படிப் புரிந்ததோ தெரியாது. கொஞ்ச நேரத்தில் அவனும் சிரித்தான். அன்று அவன் என்னைக் கிண்டல் செய்தது அதோடு கடைசி.

பிறகு ஷெரில் தன் வண்டியிலிருந்து ஒரு பழைய துப்பாக்கியை எடுத்துவந்தாள். டூ-ஃபார்ட்டி-த்ரீ. தோளில் வைக்கும் மரக்கட்டையில் அங்கங்கே வார்னிஷ் போயிருந்தது. பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு வாங்கிக் கொடுத்ததாம்.

“இது போதுமா?” என்று கேட்டேன். என் அட்டவணையில் அதுதான் கடைசி.

“மானுக்கா? போதும். ஆனால் எப்போதும் போதாது” என்றாள். “பெரிய துப்பாக்கி வைத்திருப்பவர்கள், மான் எப்படி நின்றாலும் குண்டு உள்ளே போய்விடும் என்று நினைக்கிறார்கள். இதில் அப்படி நினைக்க முடியாது. மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். அது திரும்பும் வரை நீ காத்திருக்க வேண்டும். திரும்பாவிட்டால் கீழே இறங்கி வந்துவிட வேண்டும்.”

தோளில் வைத்தேன். கட்டை என் கைக்கு எட்டும் நீளத்தில் இருந்தது. அதுவரை மேக்னத்தின் நீளத்துக்காக நான் கழுத்தை எவ்வளவு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. சுட்டேன். யாரோ அவசரமாக என் தோளைத் தட்டிக் கூப்பிட்டதைப் போலிருந்தது, அவ்வளவே. மறுபடி சுட்டேன். தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் எப்போதோ ஒரு ‘டக்’ வந்தது.

குழல் அசையவில்லை. தட்டின் நடுவைப் பார்த்தபடியே நின்றது. கண்ணும் திறந்திருந்தது.

என் அட்டவணை நினைவுக்கு வந்தது. ஐந்து பத்திகளிலும் துப்பாக்கி இருந்தது, குண்டு இருந்தது, மான்கூட இருந்தது. சுடுபவள் எங்கேயும் இல்லை. வேலையில் இப்படி ஓர் அட்டவணையை யாராவது என்னிடம் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெட்டிக்குள் இருந்த துண்டு

சிறியது வாங்கப் போவதாக அப்பாவிடம் வீடியோ அழைப்பில் சொன்னேன். மான் விஷயத்தில் அவருக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அவருடைய கவலை வேறு.

“சின்னதா? காசப் பாக்காத கண்ணு. வாங்கறதுதான் வாங்கற, ஒரு சைஸ் பெருசாவே வாங்கிரு.”

“பெருசு வாங்கியாச்சுப்பா. அதுதான் நெத்தில அடிச்சுது.”

“பழகிக்கலாம்ல?”

“அப்பா, எனக்கு முப்பது வயசு. இனிமே நான் வளர மாட்டேன்.”

 திரையில் அப்பா தலையைச் சொறிந்தார். “அதுஞ் செரி” என்றார். பிறகு சாப்பிட்டாயா என்று கேட்டார்.

அதே கடை, அதே கடைக்காரர். எனக்கு வேண்டிய மாடலைச் சொன்னதும், “யாருக்கு? பையனுக்கா?” என்றார்.

“எனக்கு.”

அவர் தலையசைத்துவிட்டுப் பெட்டியை எடுத்துவந்தார். அட்டையின் மேல் ஒரு சிறுமி ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு சிரித்தாள். பிரபு அட்டையைத் திருப்பி, படம் கீழே இருக்கும்படி வைத்தான்.

வீட்டில் பிரித்தபோது துப்பாக்கியோடு தனியாக ஒரு பிளாஸ்டிக் துண்டு இருந்தது. விரல் பருமன், கட்டையின் அடிப்பாகத்தின் வடிவம். குறிப்பேட்டைப் படித்தேன். பிள்ளை வளர்ந்து கை நீண்டதும் கட்டையின் பின்னால் இதைச் சேர்த்துத் திருகிக்கொள்ளலாமாம். அதுவரை இல்லாமலே சுடலாம். முதல் நாளே அளவாக இருந்து, பிறகு தேவைப்பட்டால் நீண்டுகொள்ளும் ஒரு பொருளை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

பிரபு அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

“பஞ்சு” என்றான்.

 எழுந்து போய் அதை இரும்புப் பெட்டியில், பாஸ்போர்ட்டுகளின் மேல் வைத்தான். மேக்னம் பெட்டியின் பின்வரிசையில் நிற்கிறது. விற்கலாமா என்று கேட்டால் எல்க் என்கிறான்.

அடுத்த சனிக்கிழமை மூன்று குண்டுகளும் தட்டுக்குள் விழுந்தன. ஷெரில் தட்டைச் சட்டத்திலிருந்து கழற்றி, அதில்தான் எனக்கு டோநட் வைத்துக் கொடுத்தாள்.

பரண்

நவம்பரில் போனோம். தென்மேற்கே சில மணி நேரப் பயணம். சுண்ணாம்புக் கல்லும் முள்மரங்களும் நிறைந்த மேட்டு நிலம். மான்களுக்கு மக்காச்சோளம் தூவும் பீப்பாய் ஒன்று மூன்று காலில் நின்றது. குறித்த நேரத்தில் அது கரகரவென்று சுழன்று சோளத்தை இறைக்கும். அதற்கு எதிரே கொஞ்ச தூரத்தில் ஒரு பரண். ஊரில் காட்டுக் காவலுக்குக் கட்டுவார்களே, அதற்குச் சுவரும் ஜன்னலும் இரண்டு சுழல் நாற்காலியும் வைத்தால் எப்படி இருக்கும், அப்படி.

முதல் நாள் மாலை நானும் பிரபுவும் ஏறி உட்கார்ந்தோம். ஷெரில் வேறொரு பரணுக்குப் போய்விட்டாள். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது ஒரு பெண்மான் வந்தது. இந்த இடத்தில் பெண்மானைச் சுட அனுமதி உண்டு. ஷெரில் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. சாம்பலும் பழுப்புமான தோல். சோளத்தைக் கடிக்கும் சத்தம் பரண் வரை கேட்டது. ஸ்கோப் வழியாகப் பார்த்தேன். அது எங்களுக்கு நேராக முகத்தைக் காட்டி நின்றது. நெஞ்சின் நடு மட்டும், ஒல்லியாக, இரண்டு முன்னங்கால்களுக்கு மேலே தெரிந்தது.

“சுடு” என்றான் பிரபு, மூச்சோடு.

“திரும்பட்டும்.”

அது திரும்பவில்லை. காதை முன்னும் பின்னும் ஆட்டியது. தலையைத் தூக்கி, பரணையே பார்ப்பதைப் போல நின்றது. என் கன்னத்துக்குக் கீழே கட்டை சூடேறியது. விரல் விசைக்கு வெளியே இருந்தது, அங்கேயே வைத்திருந்தேன். கடைசியில் அது வந்த வழியே, எங்களுக்கு வாலைக் காட்டி நடந்து, முள்மரங்களுக்குள் போய்விட்டது.

இருட்டும் முன் கீழே இறங்கி நடந்தோம். காலடியில் கற்கள் உருண்டன.

“மேக்னமா இருந்தா அப்பவே அடிச்சிருக்கலாம்” என்றான் பிரபு.

“மேக்னமா இருந்தா நான் கண்ண மூடிருப்பேன்.”

அவன் யோசித்தான். “அதுவும் கரெக்ட்தான்” என்றான்.

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு பெண்மான் வந்தது. நேற்றையதேதானா என்று எனக்குத் தெரியாது. அதேதான் என்று பிரபு சொன்னான். குளிரில் அதன் மூச்சு வெண்மையாக வந்து கலைந்தது. நேற்றைப் போலவே முதலில் எங்களுக்கு நேராக நின்று சோளம் தின்றது. நான் காத்திருந்தேன். வலப்புறத்தில் ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். தலையைத் திருப்பியது, பிறகு உடம்பு முழுவதையும் திருப்பி, பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால் நான் மனதுக்குள் ஒரு பேப்பர் தட்டை வைத்தேன்.

பிரபு இந்த முறை எதுவும் சொல்லவில்லை.

வெடித்த சத்தம் எனக்கு நினைவில்லை. கண்ணைத் திறந்து வைத்திருந்தேன், அது நினைவிருக்கிறது. மான் துள்ளியது, சில அடி ஓடியது, முன்னங்கால்கள் மடிந்து விழுந்தது. ஒருமுறை பின்னங்கால் மண்ணைக் கீறியது. பிறகு அசைவில்லை. சோளப் பீப்பாயின் மேல் உட்கார்ந்திருந்த குருவிகள் பறந்துபோய் உடனே திரும்பி வந்தன.

சுட்டதும் ஓடிப் போகக் கூடாது, கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஷெரில் சொல்லியிருந்தாள். காத்திருந்தோம். பிரபு தெர்மாஸைத் திறந்தான், ஊற்றாமலே மூடினான்.

கீழே இறங்கி அருகில் போனேன். கண் திறந்திருந்தது. உதட்டோரத்தில் உடைந்த சோளம் ஒன்று ஒட்டியிருந்தது. கழுத்தில் கை வைத்தேன். நல்ல சூடு. குண்டு நுழைந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சிறியது. சரியான இடத்தில் இருந்தது.

ஷெரில் தன் வண்டியோடு வந்து சேர்ந்தாள். குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். “வலி தெரிவதற்குள் இதற்கு எல்லாம் முடிந்திருக்கும்” என்றாள். பிறகு கத்தி எடுக்க வண்டிக்குப் போனாள். அடுத்து நடக்கப்போவதையும் நான் பார்க்க வேண்டும். இங்கே பேக்கரி எதுவும் இல்லை.

பிரபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தோள்ல கைய வெச்சுட்டே இருக்க. வலிக்குதா?”

“இல்ல.”

உண்மையாகவே இல்லை. சிறிதாவது வலிக்கிறதா என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தேன். எனக்கு வலிக்காத ஒன்றைத்தான் அத்தனை பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தேன். எங்கேயும் வலிக்கவில்லை.